மக்காட்னிப் பிரபு: சீனம் சென்ற சென்னைத் தேசாதிபதி

தூது என்பது தமிழ் மக்களுக்குப் புதியதொரு பொருளன்று. திருவள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமொன்று வகுத்துள்ளார். அதியமான் பொருட்டு ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றமையைச் சங்கச் செய்யுள் கூறும். பாண்டவர் பொருட்டுக் கண்ணபிரான் தூது நடந்த கதையைக் கூத்திலும் புராண படனத்திலும் கேட்டு வளர்ந்தவர் நாம். ஆயினும், வாணிகக் கும்பனியொன்றின் நலங்கருதி உலகின் மிகப் பெரிய பேரரசுக்குத் தூது சென்று, வெறுங்கையோடு மீண்ட ஒருவரின் வரலாறு நம்மவருட் பலர் அறியாதது. அவரே யோர்ச் மக்காட்னிப் பிரபு. பிரித்தானிய முடியின் தூதராகச் சீனப் பேரரசர் திருமுன் முதன்முதல் நின்றவர் அவர். அதற்குப் பதினோராண்டு முன்னர், சென்னைத் தேசாதிபதியாயிருந்த காலை, எமது திருகோணமலைத் துறைமுகத்தின் தலைவிதியிலும் அவர் கை படிந்தது. சம்பூரிலும் மூதூரிலும் பிறந்து, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் கோணமாமலையைக் கண்டு வளரும் மாணவர்க்கு அவர் சரிதம் முற்றிலும் அயலார் கதையன்று. ஆதலின், நாம் நூல்களிற் கற்றவற்றைத் தொகுத்து இவ்விழா மலரில் எழுத முற்பட்டோம்.

மக்காட்னி 1737ஆம் ஆண்டு வைகாசி மாதம் 14ஆந் திகதி, அயர்லாந்தின் அந்திரிம் பகுதியிலுள்ள லிசனூர் என்னும் இடத்திற் பிறந்தார். அவர் முன்னோர் ஸ்கொத்லாந்திலிருந்து அங்குக் குடியேறியோர். டப்ளின் நகரத்துத் திரித்துவக் கல்லூரியிற் கற்றுப் பட்டம் பெற்றார். கல்வியும், தோற்றப் பொலிவும், இனிய பேச்சும், அஞ்சாமையுமே அவருக்கு முதலாயின. 1764ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதிலேயே, உருசியப் பேரரசி கதரீனின் அவைக்குத் தூதராக அனுப்பப்பட்டார். இரண்டாண்டு முயன்று 1766இல் வாணிக உடன்படிக்கையொன்றை முடித்தார். 1768இல், முன்னர்ப் பிரதம மந்திரியாயிருந்த பியூட் பிரபுவின் மகள் யேன் அம்மையாரை மணந்தார். 1769 முதல் 1772 வரை அயர்லாந்தின் தலைமைச் செயலாளராயிருந்தார்.

பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய கிரெனடாவின் தேசாதிபதியாகச் சென்றார். 1779ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கடற்படை அத்தீவைத் தாக்கியது. காவற்படை சிறிது, தாக்க வந்ததோ பெருங் கடற்படை. தீவு வீழ்ந்தது, தேசாதிபதி கைதியாகிப் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கிருந்து விடுதலை பெற்று மீண்ட மறு ஆண்டிலேயே, 1780ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைத் தேசாதிபதியாக நியமனம் பெற்றார். கும்பனியின் ஊழியத்தில் வளராத ஒருவரை அப்பதவிக்கு அனுப்பியது அக்காலத்திற் புதுமை.

அவர் 1781ஆம் ஆண்டு ஆனி மாதம் சென்னையில் இறங்கியபோது கருநாடக நாடு தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. முந்திய ஆண்டில் ஐதரலி பெரும்படையோடு மலைக் கணவாய்களைக் கடந்து இறங்கி, பொள்ளிலூர்ப் போரில் ஆங்கிலப் படையொன்றை அடியோடு அழித்திருந்தான். ஊர்கள் பாழாயின, வயல்கள் தரிசாயின. 1782இல் சென்னையைப் பஞ்சம் பற்றிக்கொண்டது. பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரம் அக்காலத்திலேதான் தோன்றியது. கருவூலமோ வறிதாய்க் கிடந்தது. ஆர்க்காட்டு நவாபாகிய முகம்மதலி சேப்பாக்க மாளிகையிலிருந்து கடன்மேற் கடன் வாங்கினார். அவருக்கு வட்டிக்குக் கொடுத்தோருட் கும்பனியின் உத்தியோகத்தர் பலர். நாட்டின் வரியெல்லாம் கடன்காரர் கைக்குப் போக, படைவீரர்க்குச் சம்பளம் இல்லாத நிலை.

மக்காட்னி 1781 மார்கழியில் நவாபோடு ஓர் ஏற்பாடு செய்தார். கருநாடக வரிகளைக் கும்பனியே தண்டுவது. ஆறிலொரு பங்கை நவாபின் செலவுக்குக் கொடுப்பது. இதனாற் படைக்கு ஊதியங் கிடைத்தது. வட்டிக்காரர் வாயில் மண் விழுந்தது. அன்றுதொட்டு அவருக்குச் சென்னையிற் பகைவர் பெருகினர். வரி செலுத்திய உழவனுக்கு இதனால் என்ன ஆறுதல் கிடைத்தது என்று கேட்பின், விடை கூறுதல் எளிதன்று. வரி பெறுவோர் மாறினரே அன்றி வரி மாறவில்லை.

இனி எமது துறைமுகத்துக்கு வருவோம். மக்காட்னி சென்னைக்கு வருகையில், ஒல்லாந்தரோடு இங்கிலாந்து போர் தொடுத்துவிட்ட செய்தியையும் உடன் கொணர்ந்தார். கருநாடகக் கரையில் ஒல்லாந்தர்க்குரிய துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் முதலில் வீழ்ந்தன. 1781 கார்த்திகையில் நாகபட்டினம் கைப்பற்றப்பட்டது. அடுத்தது திருகோணமலை. வடகீழ்ப் பருவக்காற்று அடிக்குங்காற் சென்னைக் கரையிற் கப்பல்களுக்கு ஒதுங்கிடமில்லை; நங்கூரம் அறுந்து கரையிலே மோதும். வங்காள விரிகுடாவின் மேற்கே புயலுக்கு அஞ்சாது ஒரு கடற்படை முழுவதும் ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறை திருகோணமலையே. அது எவர் கையிலுள்ளதோ அவரே சோழமண்டலக் கடலின் தலைவர் என்பதைச் சென்னையார் நன்கறிந்திருந்தனர்.

1782 தை மாதம் கடற்படைத் தலைவர் எட்வேட் ஹியூஸ் படையோடு வந்திறங்கினார். 5ஆந் திகதி இரவு கோணமாமலைக் கோட்டை வீழ்ந்தது. பின்னாளிற் பிரடெரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது இதுவே. 11ஆந் திகதி துறைமுக வாயிலைக் காத்து நின்ற ஒஸ்டன்பேர்க் கோட்டையும் தாக்கிப் பிடிக்கப்பட்டது. படையோடு மக்காட்னியின் தூதராக வந்தவர் ஹியூ போய்ட் என்பவர். அவரும் அயர்லாந்துக்காரர். ஒல்லாந்தர்க்கு எதிராகக் கண்டியரசனின் நட்பைப் பெறுதலும், கோட்டையிலுள்ள படைக்கு உணவு தேடுதலுமே அவருக்கு இட்ட பணி. மாசியில் அவர் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, காட்டு வழியாகப் பல நாள் நடந்து, பங்குனியிற் கண்டியை அடைந்தார்.

அப்பொழுது கண்டியில் அரியணை ஏறியிருந்தவன் மதுரை நாயக்கர் வழிவந்த இராசாதிராசசிங்கன். அவன் அவை தூதரை மரியாதையோடு வரவேற்றது. ஆயினும் உடன்படிக்கைக்கு இசையவில்லை. 1762ஆம் ஆண்டிற் சென்னையிலிருந்து பைபஸ் என்னும் தூதர் வந்து பேசிப்போனதும், அதன்பின் இருபதாண்டு ஒரு சொல்லும் வராததும் கண்டியார் நினைவிலிருந்தன. வாணிகக் கும்பனியின் ஓலையை நம்புவதற்கில்லை. இங்கிலாந்தின் அரசரே ஓலை விடுப்பாராயின் ஆராய்வோம் என்பதே அவர்கள் கருத்து. போய்ட் வெறுங்கையோடு திரும்பினார். கடல் வழியே சென்னைக்கு மீளுகையிற் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கிச் சிறைப்பட்டார்.

பிடித்த துறைமுகமும் நிலைக்கவில்லை. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுவ்றன் ஆவணி மாத இறுதியில் திருகோணமலையிற் படையிறக்கி, சில நாளிற் கோட்டைகளைக் கைக்கொண்டான். சென்னையிற் கப்பல்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஹியூஸ், தேசாதிபதியின் அவசரத்துக்கு இசையாது காலந் தாழ்த்தார். புரட்டாதி 2ஆந் திகதி அவர் வந்து பார்த்தபோது கோட்டைமேற் பிரெஞ்சுக் கொடி பறந்தது. மறுநாட் கடற்போரில் இரு தரத்தாரும் வெற்றி கொள்ளவில்லை. போர் முடிந்து 1784இற் சமாதானம் ஏற்பட்டபோது, நாகபட்டினத்தை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டனர். திருகோணமலை ஒல்லாந்தரிடம் மீண்டது. இரண்டரை ஆண்டினுள் எமது துறைமுகத்தில் மூன்று முறை கொடி மாறியது. துறைமுகங்களை வரைபடத்திற் காண்போர் கரையோர ஊர்களை எண்ணுவதில்லை. 2006ஆம் ஆண்டில் ஊரைவிட்டுப் பெயர்ந்து, பல்லாண்டு கழித்தே தம் மண்ணை மிதிக்கப்பெற்ற சம்பூர் மக்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மக்காட்னியின் வாழ்விலே ஒளி மிகுந்த பகுதி அவர் கைத்தூய்மையாகும். அக்காலத்திற் சென்னைக்கு வந்த கும்பனி உத்தியோகத்தர் சில ஆண்டிற் பெருஞ் செல்வராய் ஊர் திரும்புதல் வழக்கம். பரிசிலும் கையுறையும் வட்டியுமே அதற்கு வழி. மக்காட்னியோ சம்பளத்தின்மேல் எதனையும் ஏற்றிலர். தாம் பெற்ற அன்பளிப்பெல்லாம் நண்பர் இருவர் தந்த இரண்டு பீப்பாய் மதுவும், சில புட்டி மதுவும், சிறிது பழமுமே எனச் சத்தியஞ் செய்து கணக்குக் காட்டினார். நவாபின் கடன்காரர் நடுவே நான்காண்டு வாழ்ந்த ஒருவர் இவ்வாறு கணக்குக் காட்டியதை வியவாதார் இல்லை. கும்பனியின் இயக்குநர் பின்னர் அவருக்கு ஆண்டுதோறும் 1500 பவுண் வழங்கத் தீர்மானித்தமைக்கு இதுவே காரணம்.

அஞ்சாமையும் அவரிடம் அத்துணை மிக்கிருந்தது. 1776இற் சென்னைத் தேசாதிபதி பிகொற் பிரபுவைச் சிறை செய்த சதியிற் பங்குகொண்ட யேம்ஸ் ஸ்டூவேட் என்பவரே 1783இற் படைத்தலைவராயிருந்தார். பிகொற் காவலிலேயே இறந்துபோனார். அதே ஸ்டூவேட் மக்காட்னியின் ஆணையையும் மதியாதொழுகினார். தேசாதிபதி தயங்கவில்லை. தம் செயலாளர் யோர்ச் ஸ்ரோன்ரன் என்பவரைச் சிறு சிப்பாய்ப் படையோடு அனுப்பிப் படைத்தலைவரைக் கைது செய்து கப்பலேற்றினார். இப்பகை அங்கே முடியவில்லை. 1786இல் இலண்டனில் இருவரும் கைத்துப்பாக்கியோடு தனிப்போர் புரிந்தனர். போரில் ஒரு காலை இழந்திருந்த ஸ்டூவேட் மரத்திற் சாய்ந்து நின்று சுட்டார், மக்காட்னி காயமுற்றார்.

1784இல் திப்பு சுல்தானோடு மங்களூரிற் சமாதானம் முடிந்தது. ஆனால் வங்காளத்திலிருந்த மகாதேசாதிபதி வாரன் ஹேஸ்டிங்ஸ் சென்னை ஏற்பாடுகளைத் தொடர்ந்து எதிர்த்தார். 1785இல், கருநாடக வரிகளை நவாபிடமே திருப்புக என இலண்டனிலிருந்து கட்டளை வந்தது. தாம் பாடுபட்டுத் தடுத்த கொள்ளைக்கு மீண்டும் கதவு திறக்கப்படுவதைக் கண்ட மக்காட்னி பதவி துறந்தார். அதன் பின்னர் மகாதேசாதிபதிப் பதவியே அவரைத் தேடி வந்தது. அதனையும் உடனேற்காது இங்கிலாந்து சென்றார். அங்கே தாம் வேண்டிய அதிகாரமும் மதிப்பும் உறுதியாகாமையால் அது கோர்ண்வாலிஸ் பிரபுவுக்குச் சென்றது.

ஆறாண்டின் பின்னர் அவருக்குச் சீனத் தூது வாய்த்தது. அதன் காரணம் தேயிலை. இங்கிலாந்து மக்கள் தேநீரின்றி வாழவியலாதாராயினர். தேயிலையோ அவர்க்குச் சீனத்திலிருந்தே வந்தது. சீனரோ 1757 முதல் மேனாட்டு வணிகரைக் கன்ரன் துறை ஒன்றிலேயே, அதுவும் குறித்த வணிகர் வழியாகவே, கொள்வினை செய்ய விட்டனர். கும்பனி கொண்டுசென்ற சரக்கைச் சீனர் அத்துணை விரும்பவில்லை; வெள்ளியே கொட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1787இல் அனுப்பிய கத்காட் என்னும் தூதர் வழியிலேயே இறந்தார். ஆதலின் மக்காட்னி தெரிந்தெடுக்கப்பட்டார். ஓலை அரசருடையது, செலவு கும்பனியுடையது.

1792 புரட்டாதியில் மூன்று கப்பல்கள் போட்ஸ்மத் துறையிலிருந்து புறப்பட்டன. வானநூலார், ஓவியர், மருத்துவர், வாத்தியக்காரர் என ஏறக்குறைய நூறு பேர் தூதரின் பரிவாரத்திலிருந்தனர். சென்னையிலிருந்த ஸ்ரோன்ரனே இங்கும் துணைத்தூதர். அவருடைய பதினொரு வயது மகனும் உடன் சென்றான். இங்கிலாந்திற் சீனமொழி அறிந்தார் ஒருவரும் இலர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிற் கற்றுக்கொண்டிருந்த சீனக் கிறித்தவர் இருவரை மொழிபெயர்ப்பாளராய்த் தேடிப்பிடித்தனர். கப்பலிலே அவர்களிடம் பாடங் கேட்ட சிறுவன், ஓராண்டில் எழுதவும் பேசவும் வல்லவனானான். வானக்கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பொறி, மணிக்கூடுகள், உருண்டைகள், பெருங்கண்ணாடிகள், போர்க்கப்பலின் மாதிரி, பீரங்கிகள், வண்டிகள் முதலியன பரிசிலாகச் சென்றன.

1793 ஆடி இறுதியில் அவர்கள் வடசீனக் கரையை அடைந்தனர். வரவேற்பிற் குறைவில்லை, உணவு மிகுதியாய் வந்தது. ஆனால் அவர்களை ஏற்றிச்சென்ற படகுகளிற் கட்டிய கொடிகளில், திறை செலுத்த வந்த தூதர் என்னும் பொருள்படச் சீன எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. மக்காட்னி அதனை அறிந்தும் அறியாதார் போலிருந்தார். வணக்கமுறை பற்றிய வழக்கே பெரிதாயிற்று. பேரரசர் முன் மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை நெற்றி நிலந்தோயப் பணிதல் சீன மரபு. தம் அரசரின் படத்தின் முன் தமக்கு நிகரான சீன அதிகாரி அவ்வாறு பணிவாராயின் தாமும் பணிவதாக மக்காட்னி கூறினார். அது நடவாதென்பதை இரு தரத்தாரும் அறிவர். முடிவில், தம் அரசருக்குச் செய்வதுபோல ஒருகால் மடித்து வணங்க இசைவு பெற்றார்.

1793 புரட்டாதி 14ஆந் திகதி, பீக்கிங்குக்கு வடக்கேயுள்ள செகோல் என்னும் வேனில் நகரத்தில், விடியற்காலையில், பெருங்கூடாரமொன்றிற் பேரரசர் சியென்லுங் தூதரை ஏற்றார். அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. வைரம் பதித்த பொற்பேழையில் அரசர் ஓலையை மக்காட்னி கையளித்தார். சீனமொழி அறிந்தார் உளரோ எனப் பேரரசர் வினவ, சிறுவன் ஸ்ரோன்ரன் முன்வந்து பேசினான். மனமகிழ்ந்த முதியவர் தம் இடைக்கச்சிலிருந்த பையை எடுத்து அவனுக்களித்தார்.

காட்சி இனிது, காரியம் கைகூடவில்லை. தலைநகரில் நிலையான தூதர், வடதுறைகளில் வாணிகம், சூசான் அருகே சிறு தீவொன்று, கன்ரனில் வரிச்சலுகை என மக்காட்னி கேட்டவை அனைத்தும் மறுக்கப்பட்டன. தம் நாட்டிற்கு எக்குறையுமில்லை; பிறநாட்டுச் சரக்கு வேண்டுவதில்லை என்னுங் கருத்துப்படப் பேரரசர் இங்கிலாந்தரசருக்கு விடையோலை விடுத்தார். இதனை வெறுஞ் செருக்கென்று பலர் எள்ளினர். நாம் அவ்வாறு கருதவில்லை. சிறு கிடங்கு கேட்டு வந்தோர் கருநாடகத்திலும் வங்காளத்திலும் நாட்டையே ஆளுகின்றமை அண்மைக்கால நிகழ்ச்சி. கூர்க்கர் திபெத்தின்மேற் படையெடுத்தபோது ஆங்கிலேயர் அவர்க்கு உதவினர் என்ற ஐயமும் சீன அவையில் இருந்தது. தீவு கேட்ட தூதரே முன்பு சென்னையின் தேசாதிபதி என்பதையும் நாம் மறத்தலாகாது. கண்டியரசன் அரசரின் ஓலை இல்லையென்று மறுத்தான். அரசரின் ஓலையோடு சென்ற இடத்திலும் வாயில் திறக்கவில்லை. ஓலையில் எவர் முத்திரை இருப்பினும் பின்னே நின்றது கும்பனியே என்பதை இரண்டு அவைகளும் உணர்ந்தன போலும்.

ஐப்பசியில் பீக்கிங்கைவிட்டுப் புறப்பட்ட தூதுக்குழு, கால்வாய்களும் ஆறுகளும் வழியாக நாட்டின் நெடுக்கே தெற்கு நோக்கிச் சென்றது. கண்ணிற் கண்டவற்றையெல்லாம் மக்காட்னி நாட்குறிப்பில் எழுதினார். சீனத்தைப் பழுதுற்ற பழம் போர்க்கப்பலுக்கு அவர் ஒப்பிட்டார். திறமையுள்ள தலைவர் இருக்குமளவும் மிதக்கும், அல்லாதார் கைப்படின் கரையில் மோதும் என்பது அவர் எண்ணம். வழியிற் பெற்ற தேயிலைக் கன்றுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பின்னொரு நூற்றாண்டில் அச்செடி இலங்கை மலைநாட்டை மூடி, தமிழ்த் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரின் வாழ்வைத் தன்னோடு பிணித்துக்கொண்டது. 1794 புரட்டாதியில் அவர் இங்கிலாந்தை அடைந்தார்.

அதன்பின் நன்னம்பிக்கை முனையின் தேசாதிபதியாக 1797இலும் 1798இலும் பணியாற்றி, நோய் காரணமாக விலகினார். 1806ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த சிசிக்கில் இறந்தார். அவருக்கு மக்கட்பேறில்லை. திருகோணமலையோ 1795இலேயே சென்னையிலிருந்து வந்த ஆங்கிலப் படைக்கு வீழ்ந்து, சுதந்திரத்தின் பின்னரும் 1957 வரை அவர்களின் கடற்படைத் தளமாயிருந்தது.

அவர் இனிய சொல்லாற் கேட்டவற்றைப் பின்வந்தோர் பீரங்கியாற் பெற்றனர். இந்திய அபினியை விற்று வெள்ளியை மீட்ட கும்பனியின் வாணிகம், 1839இற் போராய் வெடித்தது. 1842இற் கொங்கொங் தீவும் ஐந்து துறைகளும் ஆங்கிலேயர்க்குக் கிடைத்தன. 1840இல் அப்போரை ஆதரித்துப் பாராளுமன்றத்திற் பேசினாருள் ஒருவர், பேரரசரிடம் பை பெற்ற அதே ஸ்ரோன்ரன். 1860இல் பீக்கிங் வேனில் மாளிகையைச் சூறையாடிய படையினர், மக்காட்னி கொடுத்த பீரங்கிகள் ஒருமுறையும் சுடப்படாமல் இருக்கக் கண்டனர்.

திறந்த வாயில் வழியே அமெரிக்கரும் புகுந்தனர். 1844இல் கேலப் குசிங் என்பவர் மக்காவோ அருகே தம் நாட்டிற்கும் உடன்படிக்கை பெற்றார். 1861 முதல் 1867 வரை அமெரிக்கத் தூதராயிருந்த அன்சன் பேர்லிங்கேமின் வரலாறு வேறு. அவர் நேர்மையைக் கண்ட சீன அரசு, பதவி விலகிய அவரையே தன் தூதராக மேனாடுகளுக்கு அனுப்பிற்று. 1868இல் அமெரிக்காவோடு சீனத்துக்கு மதிப்பளிக்கும் உடன்படிக்கையொன்றை அவர் முடித்தார். மக்காட்னி தம் தூதுவாழ்வைத் தொடங்கிய அதே உருசியத் தலைநகரில், 1870இல், சீனத்தின் தூதராகவே உயிர்நீத்தார்.

இவ்விருவரையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது மக்காட்னியின் உயர்வும் குறையும் புலனாகின்றன. தமக்கென எதனையும் வாங்காதவர் அவர். ஆயினும் சென்ற இடமெல்லாம் பிறர்க்கென வாங்கவே அனுப்பப்பட்டார். சென்னையில் வரியையும், திருகோணமலையில் துறையையும், செகோலில் தீவையும் கேட்டது அவர் வாயே. கை தூயதாயிருந்தும் பணி தூயதாகாமையே அவர் வாழ்வின் துயரம். பேர்லிங்கேமோ தாம் சென்ற நாட்டின் நலத்தையும் தம் நலமாக எண்ணினார். அதனால் அந்நாடே அவரைத் தனக்குரியவராக்கிக் கொண்டது.

எமது கல்லூரியிற் கற்று வெளியேறும் இளைஞர் பலர் அரசுப் பணியிலும் கும்பனிகளிலும் வெளிநாட்டு நிறுவனங்களிலும் அமர்கின்றனர். கையூட்டு வாங்காமை அவர்க்கு முதற் கடன். அதில் மக்காட்னி நல்லாசிரியர். ஆனால் அதனோடு அமைதல் போதாது. எவர் பொருட்டு, எவரிடமிருந்து, எதனைப் பெறத் தம்மை அனுப்புகின்றனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். தம் கணக்கை ஒளியாது காட்டிய அப்பெரியார், தம்மை அனுப்பியோரின் கணக்கையும் கேட்டிருப்பாராயின், அவர் வரலாறு மட்டுமன்றி எமது துறைமுகத்தின் வரலாறும் வேறாயிருத்தல் கூடும்.